பீட்டில்ஜூஸ்: செத்த பிறகு சட்டை மாற்ற முடியுமா?

ராத்திரி ஷோ (இழையைத் தொடங்கியவர்)

போன சனிக்கிழமை வேளச்சேரியில் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்து, கொடியில் எட்டு முழ வேட்டியைக் கட்டி, டிம் பர்ட்டனின் 'பீட்டில்ஜூஸ்' பார்த்தோம். 1988ல் வந்த படம், அதனால் கதையைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நண்பனின் அம்மா கேட்டார்: "ஏம்பா, அந்தப் பொண்ணு ஆரம்பத்துலேர்ந்து அதே பூப்போட்ட கவுனையே போட்டுக்கிட்டு இருக்காளே, மாத்துத் துணியே கிடையாதா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆடம், பார்பரா தம்பதி பாலத்திலிருந்து காரோடு ஆற்றில் விழுந்து சாகிறார்கள். நனைந்த துணியோடு வீடு திரும்புகிறார்கள். அதற்கப்புறம் ஆடமுக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டைதான், பார்பராவுக்கு அந்தப் பூப்போட்ட கவுன்தான். செத்தவர்கள் போகும் ஆபீஸின் காத்திருப்பு அறையில் இருக்கும் மற்ற பிணங்களும் அப்படியே. சிகரெட்டால் கருகியவன் கருகியபடியே இருக்கிறான், லாரி ஏறியவன் அப்பளமாகவே இருக்கிறான், மந்திரவாதியின் உதவிக்காரி இரண்டு துண்டாக சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். சாவு எந்தக் கோலத்தில் வந்து பிடித்ததோ அந்தக் கோலமே நிரந்தரம்.

நினைத்தபோது உடை மாற்றுகிறவன் ஒரே ஒருத்தன்தான், அந்தக் குறும்புக்காரப் பேய் பீட்டில்ஜூஸ். தம்பதியை முதலில் சந்திக்கும்போதே ஆடமின் சட்டையைப் போலவே ஒன்றை மாட்டிக்கொண்டு நக்கலாக நிற்கிறான். அப்புறம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சூட். கடைசியில் கல்யாணத்துக்கு அரக்குக் கலர் சூட். படத்தில் அவன் வருவதே மொத்தம் சுமார் 17 நிமிடம்தான், அதற்குள் இத்தனை வேஷம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தப் படத்தில் உடை மாற்றுவது என்பது உயிரோடு இருப்பவர்களின் உரிமை. அவன் அதைத் திருடி வைத்திருக்கிறான். அவனைப் பார்த்தால் அருவருப்பு வருவதற்கு முகத்தில் இருக்கும் பாசி மட்டும் காரணமில்லை. உங்கள் கருத்து?

கோடவுன் தெரு

அந்தக் கோடு போட்ட சூட்டை நான் தைத்துப் போட்டவன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் சென்னையின் முதல் காமிக் கான் (காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் வேஷம் போட்டு வரும் விழா) நடந்ததே, அதற்காக.

துணிக்காகப் பாரிமுனையில் கோடவுன் தெரு முழுக்க நாலு மணி நேரம் அலைந்தேன். மெல்லிய கோடு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது. ஒரு அங்குலத்துக்குக் கறுப்பு, ஒரு அங்குலத்துக்கு வெள்ளை என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் ஒருத்தர் மேல்தட்டிலிருந்து ஒரு தான் இறக்கிப் போட்டு, "இது மெத்தை உறைக்குப் போற துணி தம்பி, சூட்டுக்கு யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார். அதையே எடுத்தேன்.

தையல் மாஸ்டர் முதலில் கேட்டது, "கோடு சேரணுமா, வேணாமா?" தோள்பட்டை, பாக்கெட், காலர் எல்லா இடத்திலும் ஒரு கோட்டின் நுனி அடுத்த கோட்டில் போய் உட்கார வேண்டும் என்றால் முக்கால் மீட்டர் துணி கூடுதலாக ஆகும். சேரட்டும் என்றேன். முடித்துக் கொடுத்தபோது அது கச்சிதமாக இருந்தது, ஆனால் அவனுடைய சூட்டாக இல்லை. புதுமாப்பிள்ளை ஜெயிலுக்குப் போன மாதிரி இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அந்தச் சூட்டின் விஷயம் கோட்டில் மட்டும் இல்லை. கோடு என்பது ஒழுங்கு, ஸ்கேல் வைத்துப் போட்டது. அதன்மேல் அழுக்கு, பூஞ்சை, கல்லறை மண். சர்க்கஸ் முதலாளியின் விறைப்பும் அழுகலும் ஒரே துணியில். நான் டீ டிகாக்‌ஷனில் ஒரு ராத்திரி ஊறவைத்து, முழங்கையிலும் காலரிலும் தேங்காய் நாரால் தேய்த்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் போனபோது ஒரு குழந்தை "ஜெயில் அங்கிள்" என்றது. அதுவும் சரிதான். மேற்கே கைதிக்கும் கோமாளிக்கும் கோடுதான். இன்னொன்றும் கவனியுங்கள். அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் வருகிற மணல் புழு இருக்கிறதே, அதற்கும் உடம்பெல்லாம் கோடு. கடைசியில் அவனை விழுங்குவதும் அதுதான். தன்னைத் தின்னப்போகும் மிருகத்தின் தோலைத்தான் அவன் போட்டுக்கொண்டு திரிகிறான்.

சும்மா ஒரு சந்தேகம்

எல்லாம் சரி. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த விதி சென்னைக்கும் பொருந்துமா? பொருந்தினால் நம்மூர்ப் பேய்களில் முக்கால்வாசி நைட்டி போட்டு, மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டு அல்லவா அலைய வேண்டும்? ஆண் பேய்கள் எல்லாம் லுங்கியும் ஓட்டை பனியனும். வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ, கொலுசு எல்லாம் யார் வாங்கிக் கொடுத்தது?

மயிலை மாடவீதி

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. நைட்டிக்குப் பதில் இல்லை, ஆனால் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

படத்தில் அவன் பெயரை எழுதியிருப்பது நட்சத்திரத்தின் பெயராகத்தான். ஓரியன் கூட்டத்தின் தோளில் சிவப்பாக எரிகிற நட்சத்திரம். 2019 கடைசியில் திடீரென்று மங்கி, வெடிக்கப்போகிறதா என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்களே, அதேதான். அதற்கு நம் பெயர் திருவாதிரை. சிவனின் நட்சத்திரம். மார்கழியில் ஆருத்ரா தரிசனம், வீட்டில் களி.

டிம் பர்ட்டனுக்குக் களி தெரியும் என்று சொல்லவில்லை! ஆனால் எங்கள் தெருவில் வளர்ந்தவனுக்கு, உடம்பெல்லாம் சாம்பல், கையில் மண்டை ஓடு, இடுகாட்டில் ஆட்டம் என்று ஒருவர் ஆடினால் பயமும் வரும், சிரிப்பும் வரும், கும்பிடவும் தோன்றும். சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளையில் முகத்தில் வண்ணம் அப்பிக்கொண்டு வருகிறவர்களைக் குழந்தையாக இருந்தபோது பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின் முகப்பூச்சு புதிதில்லை.

அவனை எனக்குப் பிடித்த வார்த்தையில் சொன்னால், கட்டியக்காரன். தெருக்கூத்தில் ராஜாவுக்குக் கிரீடம், புஜகீர்த்தி, அரிதாரம் எல்லாம் உண்டு. கட்டியக்காரனுக்குக் கிடைத்த துணிதான், கோமாளி உடைதான். அதனால்தான் அவன் ராஜாவையும் கிண்டல் செய்யலாம், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் கிண்டல் செய்யலாம். கதைக்குள்ளும் நிற்பான், வெளியிலும் நிற்பான். ராத்திரி ஷோ சொல்கிறபடி அவன் உடையைத் 'திருடினான்' என்பதை நான் ஏற்கவில்லை. நிரந்தர வேஷம் இல்லாதவனுக்கு எல்லா வேஷமும் சொந்தம்.

வாத்தியார் பேரன்

காத்திருப்பு அறையைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது கலிங்கத்துப்பரணி. கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதில் 'பேய்களைப் பாடியது' என்று ஒரு பகுதியே இருக்கிறது. பனங்காடு முழுவதுக்கும் கையும் காலும் முளைத்த மாதிரி நிற்கின்றன பேய்கள் என்று ஆரம்பித்து ஒட்டிய வயிறு, பிளந்த வாய் என்று ஒவ்வொரு உறுப்பாக வருணிப்பார்.

அப்புறம்தான் வேடிக்கை. ஊனமான பேய்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அந்த ஊனம் எப்படி வந்தது என்று சொல்வார். ஒரு பேய்க்கு ஒரு கண் குருடு. ஏன்? முன்பு சக்கரக்கோட்டத்துப் போரில் ரத்தமும் குடலும் போட்டுக் கூழ் காய்ச்சியபோது கொதிக்கிற கூழ் தெறித்துவிட்டது. அவ்வளவுதான். சமையல்கட்டு விபத்து! சோழனின் போர் வெற்றி ஒரு பேயின் கண்ணில் தழும்பாக உட்கார்ந்திருக்கிறது.

'பீட்டில்ஜூஸ்' செய்வதும் இதையேதான். யாரும் தன் கதையை வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை, உடம்பே சொல்லிவிடும். ஜூனோ என்கிற அதிகாரி சிகரெட் இழுக்கும்போது புகை தொண்டை வெட்டு வழியாக வெளியே வரும். நமக்கு ஒரு கணம் திக்கென்று இருக்கும், அடுத்த கணம் சிரிப்பு வரும். அவளுக்கோ அது வெறும் ஆபீஸ் நேரம்.

பழைய டிக்கெட்

ஆபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் அந்த அறைக்கும் நான் போன மாதம் பெயர் திருத்தத்துக்காக உட்கார்ந்திருந்த ஓர் அரசு அலுவலகத்துக்கும் ஒரே வித்தியாசம், அங்கே ஃபேன் ஓடியது. படத்தில் கவுன்டரில் இருக்கும் பச்சைத் தோல் அழகி, 'மிஸ் அர்ஜென்டினா' பட்டையை இன்னும் குறுக்கே போட்டிருக்கிறாள். ஜெயித்த நாளின் அடையாளமும் உயிரை மாய்த்துக்கொண்ட நாளின் அடையாளமும் ஒரே உடம்பில். அவளைப் போல முடிவெடுத்தவர்களுக்குத்தான் அங்கே குமாஸ்தா வேலை என்று படம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நகைச்சுவைக்குள் இவ்வளவு கசப்பை ஒரு பட்டையையும் பச்சைப் பூச்சையும் வைத்துச் சொன்னதற்காகவே அந்த ஆஸ்கர் தகும். சிறந்த ஒப்பனைக்கு 1989 விழாவில் கொடுத்தார்கள்.

நம்மூர்ப் படங்களோடு ஒப்பிட்டால் ஒன்று தெரியும். நம்மிடம் உடை, பேயிலிருந்து ஆளுக்குத் தாவும். 'சந்திரமுகி'யில் கங்காவின் மனது எப்போதோ மாறிவிட்டது, ஆனால் அந்த நகையும் உடையும் ஏறியபிறகுதான் நமக்கு முதுகு சில்லிடுகிறது. 'காஞ்சனா'வில் லாரன்ஸ் சேலைக்குள் போனபிறகுதான் இருப்பது யார் என்று புரிகிறது. நமக்குப் பேய் என்பது இன்னொருத்தர் உடம்பில் கட்டிய புடவை. அவர்களுக்கு அது கழற்ற முடியாத சட்டை.

ராத்திரி ஷோ

கட்டியக்காரன் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், 'திருட்டு' வாபஸ். ஆனால் என் கட்சிக்கு இன்னும் பலமான ஒரு காட்சியை விட்டுவிட்டேன்.

ஓதோ என்கிற அந்த அலங்கார நிபுணர் ஆவிகளை அழைக்கும் காட்சி. தம்பதியின் கல்யாண உடைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து மந்திரம் படிக்கிறார். துணிக்குள் உடம்பு நிரம்புகிறது. ஆடமும் பார்பராவும் மணக்கோலத்தில் வந்து நிற்கிறார்கள். நின்ற இடத்திலேயே தோல் சுருங்கி, முடி உதிர்ந்து, கிழடாகி அழுகுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பேயை ஓட்டவோ பிடிக்கவோ எலுமிச்சம்பழம் இல்லை, வேப்பிலை இல்லை. வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாளில் உடுத்திய துணியை வைத்தே அவர்களை வதைக்கிறார்கள். படத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் வந்த இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் களிமண் பொம்மை.

கருப்புச் சுடிதார்

ஆண்கள் எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுங்கள். தம்பதியின் வீட்டுக்குக் குடிவரும் குடும்பத்துப் பெண் லிடியாவை யார் பேசுவது?

வினோனா ரைடர் அந்தக் கறுப்புத் தொப்பியும் வலையுமாக, கழுத்தில் கேமராவோடு வந்து இறங்கும்போது எனக்குப் பதினாலு வயது. குரோம்பேட்டை வீட்டில் மத்தியான நேரத்தில் டிவியில் பார்த்தேன். அதற்கப்புறம் நான் வாங்கிய முதல் கறுப்புச் சுடிதாருக்கு வீட்டில் நடந்த பஞ்சாயத்தை எழுத ஒரு தனி இழை வேண்டும். 'நல்ல நாளும் அதுவுமா கறுப்பா?' என்று பாட்டி. 'ஏற்கெனவே நிறம் கம்மி, இதுல இது வேறயா?' என்று சித்தி. வெள்ளைத்தோல் பெண் கறுப்பு உடுத்தினால் அது எதிர்ப்பு. நம்மூரில் மாநிறப் பெண் கறுப்பு உடுத்தினால் அது முதலில் தன் தோலோடு செய்துகொள்ளும் சமாதானம். இந்த வித்தியாசத்தை அந்தப் படம் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

லிடியா போடுவது துக்க உடை. யார் செத்தார் என்று துக்கம்? தனக்கே. உயிரோடு இருக்கும்போதே இறந்தவளாக உடுத்திப் பார்க்கிறாள். அதனால்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத தம்பதி அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார்கள். ஒரு கட்டத்தில் நிஜமாகவே போய்விடலாம் என்று கடிதம் எழுதுகிறாள். செத்துப்போனால் எதுவும் சுலபமாகிவிடாது என்று பார்பராதான் தடுக்கிறாள். செத்ததிலிருந்து கவுன் மாற்ற முடியாதவள் சொல்கிற வார்த்தை அது.

எனக்குப் பிடிக்காதது முடிவு. பள்ளிச் சீருடையில் சைக்கிளில் வருகிறாள், கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக அந்தரத்தில் ஆடுகிறாள். கறுப்பு போச்சு. அடக்கிவிட்டார்கள்.

மயிலை மாடவீதி

சகோதரி, உயிரோடு இருக்கும்போதே பேய்க்கோலம் கேட்ட ஒரு பெண் நமக்கு உண்டே. காரைக்கால் அம்மையார். கணவன் காலில் விழுந்ததும், 'அவருக்காகச் சுமந்த இந்தச் சதை இனி வேண்டாம்' என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கொண்டவர். அறுபத்துமூவர் சிலைகளின் வரிசையில் விலா எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு உருவம் மட்டும் தனியாகத் தெரியும். லிடியாவின் கறுப்பையும் அந்த வழியில் பார்க்கலாமே. பார்க்கிறவர்களுக்காக இருந்த அழகை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கருப்புச் சுடிதார்

ஒப்பீடு அழகாக இருக்கிறது, ஆனால் என் புகாரை அது இன்னும் பெரிதாக்குகிறது. அம்மையாருக்கு யாரும் திரும்பச் சீருடை மாட்டிவிடவில்லையே! அவர் பேயாகவே இருந்து பாடினார்.

வாத்தியார் பேரன்

ஒரு சின்ன மறுப்பு. சீருடைக்கு முன்னால் அவளுக்கு இன்னொரு உடை மாட்டப்படுகிறது. சிவப்புக் கல்யாண உடை. அது அவள் கேட்டது இல்லை, பீட்டில்ஜூஸ் மாட்டிவிட்டது. அவள் வாயிலிருந்து வருகிற 'சம்மதம்' கூட அவளுடைய குரல் இல்லை, அவன் குரல். படத்தில் அவளை உண்மையாகவே அடக்கிய துணி அதுதான். அதிலிருந்து தப்பித்தவள் மறுநாள் சீருடையும் போடலாம், கறுப்பும் போடலாம். கடைசிக் காட்சியில் அவளை அந்தரத்தில் தூக்குகிறவர்கள் யார்? அதே பேய்கள். பின்னால் ஆடுகிறது யார்? செத்துப்போன அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர்கள், அவர்களும் சீருடையில்தான்! 2024ல் வந்த இரண்டாம் பாகத்தில் பெரியவளான லிடியா மறுபடி கறுப்பில்தான் வருகிறாள்.

கருப்புச் சுடிதார்

கால்பந்தாட்டக்காரர்களை மறந்துவிட்டேன். சரி, பாதி ஏற்கிறேன். மீதிப் பாதியை ஏற்கமாட்டேன், என் பாட்டியோடு நான் போட்ட சண்டை வீணாகிவிடும்.

கோடவுன் தெரு

உயிரோடு இருப்பவர்களின் உடையை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். லிடியாவின் சித்தி டெலியா கையுறையைத் தலையில் பட்டையாகக் கட்டிக்கொண்டு வருவாளே! அந்த வீட்டில் பேயைவிட அவள்தான் பார்க்க விசித்திரம், ஆனால் அதற்குப் பெயர் ஃபேஷன். ஓதோவுக்குக் கிடைக்கும் தண்டனையும் அதேதான். பீட்டில்ஜூஸ் அவரைக் கொல்வதில்லை, புழுவுக்குப் போடுவதில்லை. எழுபதுகளின் மட்டமான சூட் ஒன்றை மாட்டிவிடுகிறான். மனிதர் அலறிக்கொண்டு ஓடுகிறார். தையல்கடையில் நிற்கும்போது அந்த அலறல் எனக்கு நன்றாகவே புரியும்.

அப்புறம் தம்பதி முதலில் பயமுறுத்தப் பார்ப்பது எதை வைத்து? படுக்கை விரிப்பை. அதுவும் டெலியாவின் விலை உயர்ந்த விரிப்பு. யாரும் பயப்படவில்லை. லிடியா எடுத்த போட்டோவில்தான் விரிப்புக்குக் கீழே கால் இல்லை என்று தெரிகிறது.

பழைய டிக்கெட்

கால் இல்லை! பேய்க்குக் கால் தரையில் படாது என்று நம் பாட்டிகள் சொன்னதை கனெக்டிகட்டில் ஒரு பெண் போலராய்டு வைத்து நிரூபித்துவிட்டாள்.

சும்மா ஒரு சந்தேகம்

நைட்டி கேள்வியை விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் இந்த இழையைப் படிக்கப் படிக்க வேறொன்று ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் பாட்டி பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் இரும்புப் பீரோவின் அடித்தட்டில் ஒரு புடவை வைத்திருந்தாள். மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட சுங்குடி. செய்தித்தாளில் சுற்றி, மேலே ரசகற்பூரம். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பாள், ஒரே மடிப்பில் இருந்தால் இற்றுப்போகும் என்று. 'இதைத்தான் எனக்குக் கட்டணும், உங்கப்பன் அவசரத்துல எதையாவது சுத்திடுவான்' என்பாள். நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம்.

அவள் போனது ராத்திரி இரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரியில், பின்பக்கம் முடிச்சுப் போட்ட அந்தப் பச்சைத் துணியில். காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, அம்மாவும் அத்தையும் அந்தச் சுங்குடியைக் கட்டினார்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடித் துணியை மேலே போர்த்தினார்கள்.

அந்தப் படத்தின் கணக்குப்படி அவள் இன்னும் அந்தப் பச்சைத் துணியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்மூரில் செத்த பிறகும் ஒரு தடவை துணி மாற்றுகிறோம். அதற்கென்றே மனுஷர்கள் வருகிறார்கள்.

மயிலை மாடவீதி

இதற்கு மேல் நான் திருவாதிரை, கூத்து என்று பேசினால் அபத்தம். மடிப்பை மாற்றி வைத்தாள் என்றீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன்.

கருப்புச் சுடிதார்

நானும்.

ராத்திரி ஷோ

அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பாகம் போடுகிறோம். மோனிகா பெலூச்சி துண்டு துண்டான தன் உடம்பை ஸ்டேப்ளர் அடித்து ஒட்டிக்கொள்ளும் காட்சியை கோடவுன் தெரு வந்து தையல்காரர் கண்ணோடு விளக்க வேண்டும். இன்வெர்ட்டரில் இணைப்பு கொடுத்தாகிவிட்டது, கரண்ட் போனாலும் கவலையில்லை. யாராவது ஒரு டபுள் வேட்டி கொண்டுவந்தால் நல்லது, போன தடவை கட்டியதில் பறவை எச்சம்.

இந்த இழையை நண்பனின் அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். சுங்குடிப் புடவை இடத்தில் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் நானே கேட்டேன், "ஆன்ட்டி, உங்களைக் கேட்டா எந்தத் துணியில இருப்பீங்க?"

யோசிக்கவே இல்லை. "பாக்கெட் வெச்ச நைட்டி. சாவி, கண்ணாடி, செல்போன் எல்லாம் அதுல அடங்கும். அங்க டோக்கனையும் வெச்சுக்கலாம்."